சாதிதான் காரணம் என்று யார் எழுதுவது?

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. வரப்புத் தகராறு, டிராக்டர் உரசியது, கூலி பாக்கி என்று எதில் தொடங்கினாலும், ‘இப்போதெல்லாம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, உடனே பி.சி.ஆர். போட்டுவிடுகிறார்கள்’ என்பதில் வந்து நிற்கும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் காக்க வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. தெற்கே இன்னும் அதற்கு முந்தைய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் (பி.சி.ஆர்.) பெயரைச் சொல்லித்தான் பயப்படுகிறார்கள். என் தாய்மாமா ஒருவர் இந்தப் பேச்சில் கரை கண்டவர். ‘மாப்பிள்ளை, கோர்ட்டில் உட்கார்ந்து எழுதினவன் நீ, சொல்லு பார்ப்போம். எனக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டமா?’ என்று ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பார்.

நான் வழக்கறிஞன் அல்லன். தென் மாவட்டங்களில் ஒரு நாளிதழுக்கு நீதிமன்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன். தீர்ப்பு நாளன்று மட்டும் வந்து போகும் செய்தியாளர்களைப் போல இல்லாமல், சாட்சி விசாரணை நாட்களிலும் பின் பெஞ்சில் உட்காரும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. நாளிதழுக்கு அதனால் பயன் இல்லை. எனக்கு இருந்தது.

மாமாவின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு சாராரைக் காக்க மட்டும் தனிச் சட்டம் போடுவது நியாயமா என்பது ஒன்று. போட்ட சட்டம் எல்லா ஊரிலும், எல்லா வழக்கிலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பது இன்னொன்று. தொண்டை கிழியப் பேசப்படுவது முதல் கேள்வி. பதில் சொல்லக் கடினமானது இரண்டாவது.

முதல் கேள்விக்கு விரைவாகவே பதில் சொல்லிவிடலாம். அமெரிக்காவிலும் வெறுப்புக் குற்றச் சட்டங்கள் இருக்கின்றன. இனம், மதம் போன்றவற்றைக் காரணமாக வைத்து ஒருவரைத் தாக்கினால் வழக்கமான தண்டனைக்கு மேல் கூடுதல் தண்டனை. அந்தச் சட்டங்கள் செல்லும் என்று அங்கே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது 1993இல், விஸ்கான்சின் மாநில வழக்கு ஒன்றில். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் ஒரு கறுப்பின இளைஞர். தாக்கப்பட்டவன் வெள்ளைக்காரச் சிறுவன். கறுப்பின மக்கள் பட்ட கொடுமைகளின் பின்னணியில் வந்த சட்ட வகை, அதன் மிகப் பெரிய சோதனையில் ஒரு கறுப்பினத்தவரைச் சிறைக்கு அனுப்பித்தான் தன்னை நிலைநாட்டிக்கொண்டது. காரணம், அந்தச் சட்டம் யார் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. தாக்கியவன் எதற்காகத் தேர்ந்தெடுத்தான் என்பதை மட்டும் பார்க்கிறது.

நம் சட்டம் பக்கம் பார்க்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அப்படி இருக்கக் கூடாது. மாமாவுக்கு உறுத்துவது இதுதான். அவருக்கு நான் சொல்வது, மூன்றாம் பிரிவை எடுத்து வாசியுங்கள் என்பதே. உண்ணத் தகாததை வாயில் திணிப்பது, செருப்பு மாலை போடுவது, மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, செத்த மாட்டைத் தூக்கச் சொல்வது, குழி வெட்டச் சொல்வது, தண்ணீரைக் கெடுப்பது, பாதையை மறிப்பது, ஊரே சேர்ந்து வேலை கொடுக்காமல் ஒதுக்கிவைப்பது. இந்தப் பட்டியலில் எது திரும்பி நடந்திருக்கிறது? காலனியிலிருந்து வந்து, மேலத்தெருக்காரரை நிறுத்தி, ‘செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நட’ என்று சொன்ன ஊர் எது? ஒரு திசையில் மட்டும் ஓடுகிற ஆற்றுக்கு ஒரு பக்கம்தான் அணை கட்ட முடியும்.

கும்பல் கொலைக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரிவு வேண்டும் என்றால் அதுவும் இப்போது இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2): இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால் ஆயுள் அல்லது மரண தண்டனை. அந்தப் பட்டியலில் ‘மதம்’ என்ற சொல் மட்டும் இல்லை. எதற்காக விடுபட்டது என்று நானே யூகித்துக்கொள்கிறேன், நீங்களும் யூகித்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி.

1968 டிசம்பர் 25 அன்று இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதில் முற்றிய பகை. கீழ் நீதிமன்றம் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள், வேலையாட்களைக்கூட அனுப்பாமல், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது.

இந்த ஒரு வாதத்துக்காகவே நான் வெண்மணியை இங்கே இழுக்கிறேன். நடந்த செயலைப் பற்றிய வழக்கு அது. அதிலேயே நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரின் அந்தஸ்தைப் பார்த்து அவர் மனதை எடைபோட்டது. அப்படியானால் மனதில் இருந்த காரணத்தையே குற்றத்தின் பாகமாக வைக்கிற சட்டம் என்ன பாடுபடும்?

1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும், 1976இல் அதுவே பெயர் மாறிய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் டீக்கடை, கோயில், கிணறு என்று அனுமதி மறுப்பைத்தான் பேசின. கொலைக்கும் கொள்ளிக்கும் அவற்றில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் 1989இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் மிகக் கடுமையான பிரிவுகளில் ஒன்று 3(2)(5). பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள ஒரு குற்றத்தை, ஒருவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ‘என்ற காரணத்தால்’ செய்திருந்தால் ஆயுள் தண்டனை.

‘என்ற காரணத்தால்.’ கால் நூற்றாண்டு வழக்குகள் இந்த இரண்டு சொற்களில் இடறி விழுந்திருக்கின்றன.

மகாராஷ்டிராவின் கயர்லாஞ்சி கிராமம், 2006 செப்டம்பர் 29. ஒரு தலித் குடும்பத்தின் தாய், மகள், இரண்டு மகன்கள் ஊர்க் கும்பலால் கொல்லப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றது; ஆறு பேருக்கு மரண தண்டனை. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை மரண தண்டனையை 25 ஆண்டு சிறையாகக் குறைத்தது. அதுவும் சாதியைக் காரணமாக ஏற்கவில்லை. பழிவாங்கும் எண்ணம்தான் காரணமாம். பழிவாங்கும் எண்ணம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கிராமங்களில் பகை இல்லாத வீடு எது? தங்களுக்குச் சமமான ஒரு குடும்பத்தோடு பகை வந்திருந்தால் அந்த ஊர் கும்பலாகத் திரண்டு வீடு புகுந்து நான்கு பேரையும் கொன்றிருக்குமா என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. பகைக்குக் காரணம் நிலமாக இருக்கலாம், சாட்சி சொன்னதாக இருக்கலாம். அந்தப் பகை எந்த எல்லை வரை போகலாம் என்ற துணிச்சலைக் கொடுப்பது சாதி. சட்டத்தின் வாசகம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்றது. நீதிபதிகள் கைக்கு எளிதாக அகப்பட்டதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதைவிடச் சங்கடமானது. ஆந்திராவில் பார்வையற்ற, பட்டியல் சாதி இளம்பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். பெண், பார்வையற்றவர், தலித் என்ற மூன்று நிலைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி ஒருவரை எப்படி எளிய இலக்காக ஆக்குகின்றன என்று அந்தத் தீர்ப்பு மிக நுட்பமாக எழுதியது. எழுதிவிட்டு, சாதிதான் காரணம் என்பதற்குத் தனியே சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைச் சட்டத்தின்படியான தண்டனையை நீக்கியது. பாலியல் வன்முறைக்கான ஆயுள் தண்டனை நின்றது. நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம் நடந்தது 2011இல். அப்போதிருந்த வாசகத்துக்குள்தான் அவர்கள் எழுத முடியும்.

அந்த வாசகம் 2016 ஜனவரி 26 முதல் மாறிவிட்டது. ‘என்ற காரணத்தால்’ என்பதற்குப் பதில் ‘என்று தெரிந்தே’. கூடவே 8(சி) என்று ஒரு பிரிவும் வந்தது: பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்பே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும்; இல்லை என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். நம் கிராமங்களை அறிந்த எவரோ வரைவில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த தெருக்காரனின் சாதி தெரியாது என்று ஒருவர் கூண்டில் ஏறிச் சொன்னால் கோர்ட் டவாலிகூடச் சிரித்துவிடுவார். ஆனால் இந்தத் திருத்தம் அதற்குப் பின் நடந்த குற்றங்களுக்குத்தான். நம் நீதிமன்றங்களின் வேகத்தில், 2015இல் அடிபட்டவரும் 2016இல் அடிபட்டவரும் ஒரே நீதிபதி முன் ஒரே வாரத்தில் நிற்கக்கூடும். ஒருவர் தாக்கியவனின் மனதை நிரூபிக்க வேண்டும், இன்னொருவருக்கு அந்தப் பாரம் இல்லை.

அவமதிப்பைப் பற்றிய பிரிவில் அந்தப் பாரம் இறங்கவே இல்லை. இழிவுபடுத்தும் நோக்கம் வேண்டும், அது பொதுப் பார்வையில் நடந்திருக்கவும் வேண்டும். வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் திட்டியது இதில் வராது என்று 2020இல் ஓர் உத்தராகண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் வாசகப்படி அது சரி. வீட்டு வேலை செய்கிற பெண்களை நினைத்துப் பார்த்தால், அந்த வாசகம் யார் திட்டு வாங்கும் இடத்தைக் கணக்கில் எடுத்து எழுதப்பட்டது என்ற கேள்வி வருகிறது. அவர்களுடைய வேலையிடமே அந்த நான்கு சுவர்தான்.

தீர்ப்புகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் உயரமான இடத்திலேயே நின்றுவிடுவோம். பெரும்பாலான வழக்குகளின் தலைவிதி அதற்கு வெகு காலம் முன்பே காவல் நிலையத்தின் முன்னறையில் எழுதப்பட்டுவிடுகிறது.

அடிபட்டவர் புகாரோடு வருகிறார். உடனே முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்பது சட்டம். 2018 திருத்தத்தின் 18ஏ பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை எதுவும் தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நடப்பில் கையில் கிடைப்பது பல சமயம் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும். ‘விசாரிக்கிறோம், இரண்டு தரப்பும் நாளை வாருங்கள்.’ மறுநாள் எதிர்த்தரப்பு பத்துப் பேரோடு வரும், கையில் அவர்களுடைய புகாரும் இருக்கும். எதிர் வழக்கு தயார். அதன்பின் நிலையத்திலேயே சமரசப் பேச்சு. வன்கொடுமை வழக்கில் பின்வாங்கினால் எதிர் வழக்கும் போய்விடும் என்ற கணக்கு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஜாமீன் எடுக்கும் செலவே பல மாத வருமானம். அவர் என்ன முடிவெடுப்பார் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை.

புகாரின் வாசகம் இன்னொரு கண்ணிவெடி. எந்தச் சொல்லைச் சொல்லித் திட்டினான், எங்கே நின்று, யார் யார் கேட்கும்படி என்பது முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். ரத்தம் ஒழுக வந்தவருக்கு வெட்டுக்காயம்தான் செய்தி. திட்டு அவருக்குப் பழகிப்போன ஒன்று, அதை ஒரு குற்றமாகவே அவர் எண்ணியிருக்க மாட்டார். ஆகவே முதல் புகாரில் அது இருக்காது. யாராவது விவரம் தெரிந்தவர் சொன்ன பிறகு, இரண்டாவது வாக்குமூலத்தில் வரும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இது யோசித்துச் சேர்த்தது’ என்பார். இந்தக் காட்சியைப் பின் பெஞ்சிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதுகிறவர்கள், பாடம் செய்த ஒரே வாக்கியத்தை எல்லாப் புகாரிலும் ஒட்டிவிடுவார்கள். நாற்பது மனுவில் அதே திட்டு, அதே சொல் வரிசை. படித்துப் படித்து அலுத்த நீதிபதிக்கு, உண்மையாகவே அந்தச் சொல்லைக் கேட்டவரின் மனுவும் ஒட்டு வேலையாகத்தான் தெரியும்.

அதற்குமேல் நடைமுறைப் பிழைகள். இந்த வழக்குகளை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்துக்கான 1995 விதிகளின் ஏழாவது விதி. இன்ஸ்பெக்டர் விசாரித்துவிட்டால்? அந்த விசாரணை இந்தச் சட்டத்துக்குச் செல்லாது, மற்ற பிரிவுகள் வேண்டுமானால் தொடரட்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் சொன்னது. பாதிக்கப்பட்டவரைக் காக்க வந்த விதி அது. அதை மீறியது காவல் துறை. விலை கொடுத்தவர் பாதிக்கப்பட்டவர். குற்றம் சாட்டப்பட்டவரின் சாதிச் சான்றிதழைத் தாசில்தாரிடம் வாங்கிக் கோப்பில் வைக்க மறந்தால்கூட இதே கதைதான்.

இவ்வளவையும் தாண்டி வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஆண்டுகள் ஓடியிருக்கும். குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து முடிந்தவரை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதைப் படித்தால் சிரிப்பு வரும். சாட்சி இந்த இடைவெளியில் அதே ஊரில், பெரும்பாலும் அதே குடும்பத்தின் வயலில், வேலை செய்துகொண்டிருக்கிறார். கூண்டில் ஏறி, ‘இருட்டாக இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை’ என்கிறார். பிறழ் சாட்சி. வழக்கு முடிந்தது.

இந்த வழக்குதான் பிறகு ‘பொய் வழக்கு’ என்ற கணக்கில் ஏறுகிறது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, வழக்குக்கு முன் ஆரம்பகட்ட விசாரணை, கைதுக்கு முன் மேலதிகாரியின் ஒப்புதல் என்று புதிய கட்டுப்பாடுகளைப் போட்டது. அந்தத் தீர்ப்பில் ஒரு புள்ளிவிவரம் வருகிறது: 2015இல் நீதிமன்றங்கள் முடித்த 15,638 வழக்குகளில் 11,024 விடுதலையிலோ விடுவிப்பிலோ முடிந்தன, 4,119இல் மட்டும் தண்டனை. நான் இந்த எண்ணைக் கொலை வழக்குகளில் தண்டனை கிடைக்காதவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். கொலையாளி விடுதலையானால், செத்தவர் பொய் சொன்னார் என்று யாரும் எழுதுவதில்லை. போலீஸ் கோட்டைவிட்டது என்கிறோம். இங்கே மட்டும் விடுதலை என்றால் புகார்தாரர் பொய்யர்.

அந்த ஆண்டு ஏப்ரல் 2 அன்று வட இந்தியா முழுவதும் பந்த் நடந்தது, உயிர்கள் போயின. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைக் கொண்டுவந்தது; 2019 அக்டோபரில் மறுஆய்வில் அந்தக் கட்டுப்பாடுகளை நீதிமன்றமே திரும்பப் பெற்றது; 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றும் சொன்னது. ஆக, இரண்டே ஆண்டில் ஒரு முழுச் சுற்று. அந்த இடைக்காலத்தில் புகார் கொடுக்கப் போனவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் போனார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

பொய் வழக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் அறிந்த கொச்சையான வகை ஒன்று இருக்கிறது: இரண்டு நிலக்காரர்களுக்குள் தகராறு, இருவரும் ஒரே சாதி. ஒருவர் தன் பண்ணையில் வேலை செய்கிறவரை அழைத்து, மற்றவர் மேல் வன்கொடுமைப் புகார் கொடுக்கச் சொல்வார். மாமாவின் நண்பர் ஒருவர் அப்படித்தான் சிக்கினார். மாமா அதை இந்தச் சட்டத்தின் குற்றமாகச் சொல்வார். சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியது மேலத்தெருதான் என்று நான் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

எண்களை நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் ராஜஸ்தானில் 8,752, தமிழ்நாட்டில் 1,761. பட்டியல் சாதி மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி நம்மிடம்தான் அதிகம்: இங்கே ஏறத்தாழ 1.44 கோடி, அங்கே 1.22 கோடி. இதைக் காட்டி நம் அரசியல்வாதிகள் மார் தட்டுவதுண்டு. ராஜஸ்தானில் நிலைமை மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐந்து மடங்கு மோசமா என்பதில்தான் சந்தேகம். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்திலேயே பதியலாம் என்று 2019இல் அங்கே ஏற்பாடு செய்தார்கள். எண் ஏறியது. அதில் கணிசமானவை விசாரணையில் மூடப்படவும் செய்கின்றன. இந்த எண், குற்றத்தை அளக்கிறதா, நிலையத்தில் புகாரை எழுதும் ரைட்டரின் பேனாவை அளக்கிறதா?

சட்டத்தின் வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதிலும் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இதன் பொருள் என்ன? ஒரே தெரு, ஒரே சாதி, அண்ணன் தம்பி இருவர். அண்ணன் கோயிலுக்குப் போகிறவர், தம்பி ஞானஸ்நானம் பெற்றவர். ஒரே இரவில் ஒரே கும்பல் இருவரையும் அதே சாதிச் சொல்லைச் சொல்லி வெட்டினால், அண்ணனுக்கு வன்கொடுமைச் சட்டம், தீருதவி, சிறப்பு நீதிமன்றம். தம்பிக்குச் சாதாரண அடிதடிப் பிரிவு. வெட்டியவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா வெட்டினான்? கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பி, தேவாலயத்தில் தனி வரிசை போட்டுச் சாதி காத்த ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கே அவமானப்படுகிறவருக்குத்தான் இந்தச் சட்டம் கிடையாது. பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஒருவர் இன்னொருவரை ஒடுக்கினாலும் சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. அருந்ததியர் பலரிடம் பேசினால் அந்த வலி தெரியும். சட்டம் ஒருபக்கச் சார்பானது என்பவர்கள் இதைப் பற்றி ஒருநாளும் பேசி நான் கேட்டதில்லை.

வேங்கைவயலைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2022 டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தத் தலித் குடியிருப்பின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும் நேரில் போனார்கள். போன இடத்தில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் விடாததும் தெரிந்தது. அன்றே வழக்கு, அன்றே கோயில் நுழைவு. ஆண்டுக்கணக்காக எல்லோர் கண்ணெதிரேயும் இருந்த குவளை, பெரிய அதிகாரி வந்த நாளில் மட்டும் குற்றமானது.

தொட்டி வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குடியிருப்பினர் பலரிடமும் டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் கேட்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை வந்தது. அவர்களும் பட்டியல் சாதியினர் என்பதால் வன்கொடுமைச் சட்டம் கழன்றது. வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறியது. மக்கள் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள். உண்மை எது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கவனிப்பது வேறு. வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் விரைந்து நடக்க வேண்டிய விசாரணை இரண்டு ஆண்டு நடந்த பிறகு, அதன் முடிவை அந்தக் குடியிருப்பில் ஒருவரும் நம்பவில்லை என்றால், அந்தச் சட்டம் அங்கே ஏற்கெனவே தோற்றுவிட்டது.

வென்ற இடமும் உண்டு. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் செத்துப்போக, மீதி 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டு. சட்டம் வேலை செய்தது, உண்மை. அதற்குள் எத்தனை அமைப்புகள், எத்தனை ரிட் மனுக்கள், எவ்வளவு பிடிவாதம் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவு ஆதரவு கிடைக்காத ஊர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

ஆகவே, என் பார்வையில், இந்தச் சட்டம் கடுமையானது என்பது குறை அல்ல. அதன் கடுமை யார் மேல் விழும், எப்போது விழும் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, நிலையத்தில் அன்று பணியில் இருப்பவர் தீர்மானிக்கிறார் என்பதுதான் குறை. இதற்கு மருந்து சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நான்காம் பிரிவு: புகாரைப் பதிய மறுக்கிற, வாக்குமூலத்தைச் சரியாக எழுதாத, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கிற அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் இந்தப் பிரிவில் ஒரு வழக்கையும் பார்த்ததில்லை. துறை விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் நடவடிக்கை என்று அதற்கு ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். துறை தன் ஆளைத் தானே பரிந்துரைக்க வேண்டும்.

அந்தப் பூட்டு திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் நான்கு தேதிகளைப் பொதுவில் வைக்கட்டும்: சி.எஸ்.ஆர். கொடுத்த நாள், முதல் தகவல் அறிக்கை பதிந்த நாள், டி.எஸ்.பி. விசாரணையை ஏற்ற நாள், குற்றப்பத்திரிகை தாக்கலான நாள். ஐந்தாவதாக ஒரு கட்டம்: அதே சம்பவத்தில் எதிர் வழக்கு பதிவானதா, எந்தத் தேதியில். எந்த நிலையம் மூன்று நாளில் பதிகிறது, எது மூன்று மாதம் இழுக்கிறது, எங்கே வன்கொடுமைப் புகாருக்கு முந்தைய நாளிலேயே எதிர் வழக்கு முளைக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். மாமாவின் நண்பரைப் போல அநியாயமாகச் சிக்கியவர்களுக்கும் அதே அட்டவணை உதவும். இந்தத் தேதிகளுக்காகப் புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்க வேண்டியதில்லை. காவல் துறையின் சி.சி.டி.என்.எஸ். கணினியில் ஏறிக்கொண்டிருப்பவைதான். வெளியிடச் சொல்லி ஒரு அரசாணை போட்டால் போதும்.